வாய்மொழித் தேர்வில் யுவராணி

கட்டுரை திருத்தும் நாளில் நான் காலையில் சாப்பிடுவதில்லை. குமட்டும். செல்போனில் ஏஐயிடம் கேட்டு வாங்கிய கட்டுரைகள் வரத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். மழுமழுவென்று இருக்கும். யார் பெயரைப் போட்டிருந்தாலும் ஒரே மாதிரி, குளிப்பாட்டிக் கிடத்திய பிணம்போல.

அதனால்தான் எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையில் தேர்வு முறையை மாற்றினேன். மாணவர்கள் ஏதாவதொரு வேலையை நேரில் பார்த்து எழுத வேண்டும். பிறகு தாள் இல்லாமல் வகுப்பின் முன் நின்று, அதை ஊர்ப்பேச்சில் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்கு எங்கள் கம்பம் பக்கத்துப் பேச்சு வராது என்று நினைத்தேன். ஊர்ப்பேச்சில் சொல்ல முடியாதவருக்குச் சுழியம்.

தேர்வாளர்கள் நானும் பேராசிரியர் ஹக்கீமும். மார்க்கையன்கோட்டை மகிழன் நெல் அறுக்கும் மெஷினைப் பற்றிச் சொன்னான்.

“அங்கன மடைவாய்ல மெஷின் பொதஞ்சுபோச்சுய்யா. வயக்காரன் கத்துறான். டிரைவர் எறங்கி டீ குடிக்கப் போயிட்டாக.”

“வயக்காரன் ‘கத்துறான்’, டிரைவர் மட்டும் ‘போயிட்டாக’ளா?” என்றார் ஹக்கீம்.

“அவுக எங்க மாமாய்யா.”

வகுப்பே சிரித்தது. முழு மதிப்பெண் போட்டேன்.

அடுத்து யுவராணி. என் மகள். ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தாள். “ஜீப்பில் அமர இடம் போதாமல் ஒருவர் மடியில் ஒருவராக அவர்கள் உறங்கியபடியே மாநில எல்லையைக் கடக்கிறார்கள்” என்று தொடங்கினாள்.

“ஏலே, செல்லு பேசுதுடா” என்றது பின்வரிசை.

“நம்ம பேச்சுல சொல்லுத்தா” என்றார் ஹக்கீம்.

“அவுக…” என்றவள் நின்றுவிட்டாள். மேலே வரவில்லை. அந்தப் பேச்சை அவள் நாக்கிலிருந்து எடுத்தவன் நான். சின்ன வயதில் ‘இங்கன’ என்று சொன்னால், ‘இங்கே’ என்று திருத்திச் சொல்லும்வரை சோற்றுத் தட்டைத் தள்ளிவைப்பேன். பேராசிரியர் மகள் தெருப்பேச்சு பேசுவது எனக்கு அருவருப்பு.

ஹக்கீம் என் பக்கம் குனிந்தார். “சார், பாப்பா வீட்ல எழுதுனதப் பாத்திருப்பீகள்ல? ஒரு வார்த்த சொல்லுங்க, முடிச்சுருவோம்.”

பார்த்திருந்தேன். அந்தப் பெண்களோடு ஜீப்பில் போய்வந்து, உடையெல்லாம் ஏலக்காய் மணக்க, தரையில் குப்புறப் படுத்து அடித்து அடித்து எழுதினாள். ஆனால் என் முறைக்குக் கல்லூரிக் கல்விக்குழு இன்னும் ஒப்புதல் தரவில்லை; மகளுக்காக நான் வாய் திறந்திருந்தால் அதைத் தூக்கி எறிந்திருக்கும்.

“பார்க்கவில்லை” என்றேன்.

சுழியம் போட்டேன். ‘இயந்திரம் எழுதியது’ என்ற குறிப்பை வகுப்புக்கு உரக்க வாசித்தேன்.

“அப்பா” என்றாள்.

“இங்கே ஐயா” என்றேன்.

அவள் வகுப்பைவிட்டு வெளியே போனாள். மறுநாள் முல்லையாற்றில் கிடைத்தாள். வீட்டில் எழுதியதை நான் பார்த்தேன் என்பது என் மனைவிக்கும் தெரியும். அவள் ஜெயமங்கலத்திலுள்ள தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மகளைக் கொன்றது நான்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் முறையைக் குறை சொல்லாதீர்கள். கல்விக்குழு அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. அந்தத் தேர்வறையில் இதுவரை ஒருவரும் பொய் சொல்லித் தப்பியதில்லை.