தென்கிழக்கு மூலையில் ஆணையர்

உலகத்தார் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது: எங்கள் நகராட்சியில் மக்கள் பங்கேற்புடன் கூடிய திட்டமிடல் மாபெரும் வெற்றி பெற்றது. கலந்துகொண்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். குறை சொன்னவர் ஒருவர். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன்.

நான் வரைபடப் பிரிவு. செயற்கைக்கோள் படம், வீடு வீடாக எடுத்த அளவு எல்லாவற்றையும் கணினியில் அடுக்கி, ஊரை ஒரே தாளுக்குள் கொண்டுவருவது என் வேலை. அந்தத் தாளை அரங்கில் இரண்டு மேசைகளைச் சேர்த்து விரித்திருந்தோம். வெள்ளம் வரும் இடத்தில் மக்கள் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஏரி நிரம்பினால் எந்தப் பக்க மதகைத் திறப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

கூட்டத்துக்கு முந்தின நாள்தான் ஆணையரின் புகைப்படம் எங்கே என்று கேட்டார்கள். பெரிதாக வேண்டுமாம். தாளில் காலி இடமே இல்லை. தென்கிழக்கு மூலையில், ஏரிக்கரைக்குக் கீழே, கிழக்கு மதகுத் தண்ணீர் பாயும் வழியில் ஒரு தெரு. அறுபது வீடுகள், எல்லாம் தகரக் கூரை. அவற்றைக் கணினியில் மறைத்துவிட்டு அவரை வைத்தேன். பொருத்தமாக உட்கார்ந்தார்.

மறுநாள் அரங்கில், அந்தத் தெருவின் தையல்கார அக்கா ஸ்டிக்கரை விரல் நுனியில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்க தெருவக் காணோமே தம்பி."

"நல்லாப் பாருங்கக்கா."

"பாத்துட்டேன். ஏரிக்கரை இருக்கு. அதுக்குக் கீழ இவரு சிரிச்சிட்டிருக்காரு."

டீ கொடுத்துக்கொண்டிருந்தவர், "பெரிய மனுஷன் உக்காந்துட்டா எந்திரின்னு சொல்ல முடியுமாக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா ஆணையரின் கன்னத்தில் ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினார்.

"போன தடவ இடுப்பு வரைக்கும் தண்ணி. எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கு. குறிச்சுக்கோங்க தம்பி."

"குறிச்சுக்கிறேன்" என்றேன். அவர் படியிறங்கியதும் நகத்தால் பிய்த்தெடுத்தேன். பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கக் காத்திருந்தார்கள்.

அந்த வீடுகளைப் பிறகாவது காட்டியிருக்கலாமே என்கிறீர்கள். காட்டியிருக்கலாம்தான். ஒரு சொடுக்கு வேலை. ஆனால் அது நானூறு பேர் கூடி ஒப்புக்கொண்ட வரைபடம். மக்கள் தீர்ப்பைத் தனி ஆள் திருத்துவது முறையல்ல.

மழை மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் மதியம் மதகுக் காவலர் போனில் கேட்டார்: "சார், கிழக்கு மதகத் தொறக்கலாமா? கீழ யாராச்சும் இருக்காங்களா?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்தேன். "யாரும் இல்ல, தொறங்க" என்றேன். தெரியாமல் சொல்லவில்லை. அந்த அறுபது வீடுகளையும் டேப் பிடித்து அளந்தவன் நான்தான்.

பத்தொன்பது பேர். அக்காவும் அவர் அம்மாவும் ஒரே கட்டிலில் கிடந்தார்களாம். மிஞ்சியவர்களை ஊருக்கு வெளியே குடியேற்றினார்கள். இடிந்ததை எல்லாம் இயந்திரம் வைத்து வழித்தெடுத்தார்கள்.

போன வாரம் புதிய செயற்கைக்கோள் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். வெறும் சேறு.

என் வரைபடத்தில் இப்போது ஒரு பிழையும் இல்லை.