கிளிசரின் வேண்டாத பிள்ளை

என் மகன் ரூபனுக்குக் கிளிசரின் ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு சொட்டு விட்டாலே இமை வீங்கிவிடும். ஏழு வயதில் சினிமாவில் நடிக்க வந்தவன்; எல்லாப் படத்திலும் அவனுக்கு அழுகைக் காட்சிதான். பெற்ற மனசு கேட்குமா? அதனால் கேமரா ஓடுவதற்குச் சற்று முன்னால் அவன் காதோரம் போய், "கண்ணு, உங்கம்மா செத்துப்போச்சுடா" என்பேன். தேம்பித் தேம்பி அழுவான். டைரக்டர் ஓகே சொன்னதும் தூக்கிக்கொண்டு போய், ஆனைமலைத் தோப்பில் சோற்றுப் போசியோடு உட்கார்ந்திருக்கும் என் மனைவி பூவாத்தாளிடம் விடுவேன். அவளைக் கட்டிக்கொண்டு சிரிப்பான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

மீசை முளைத்ததும் வாய்ப்பு நின்றுபோனது. வெகுநாள் வெட்டியாகத் திரிந்தவன், தொண்ணூற்றிரண்டில் பிரசங்கியார் ஆனான். நாங்களும் அவன் பின்னாலேயே ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டோம். எந்த ஊர்க் கூட்டமானாலும் அவன் தொண்டைக்கு வெந்நீர் ப்ளாஸ்க் எடுத்துப்போவது நான்தான்.

அங்கே சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. பழைய வாழ்க்கையில் பட்டதையெல்லாம் மேடையேறி ஊரறியச் சொல்ல வேண்டும். போன மாதம் அவிநாசிக் கூட்டத்தில் ரூபன் என்னை எடுத்துக்கொண்டான்.

"எங்கப்பா வாயத் தொறந்தா பொய்யிங்க. என்னைய அழ வெக்கறதுக்கு எங்கம்மாவத் தெனமும் சாகடிச்சாருங்க. ஒரு பொய்யனுக்குப் பொறந்தவனுங்க நானு."

பந்தல் முழுக்க ஸ்தோத்திரம் என்றது. முன்வரிசையில் நான், மடியில் ப்ளாஸ்க்கோடு. தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. சாட்சி நன்றாக எடுபட்டதால் அடுத்தடுத்த கூட்டங்களிலும் அதையே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூவாத்தாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

"ஏனுங்க, ஒரு ஆட்டோ கூப்புடுங்க" என்றாள்.

காந்திபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே ஆட்டோ ஸ்டாண்டு. செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்போதுதான் யோசனை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இன்னொரு தடவை ஆட்டோ கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

சாயங்காலம் கூட்டத்துக்குப் போய், மேடைக்குப் பின்னால் நின்றவனிடம் சொன்னேன்.

"கண்ணு, உங்கம்மா செத்துப்போச்சு."

"இந்த வயசுலயும் அந்தப் பொய்ய உடமாட்டீங்களாப்பா?" என்று சிரித்துவிட்டு மைக்கைப் பிடிக்கப் போனான். அன்றும் அதே சாட்சிதான். முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன்.

வீடு வந்து பார்த்ததும் அவள் காலில் விழுந்து கதறினான். நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆட்டோ கூப்பிடாமல் அவளைச் சாகவிட்டது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள் ஐயா: என் மகனிடம் நான் பொய் சொல்லவில்லை.