பேய் ரயிலும் மேட்டு மண்டபமும்

— இந்த அறையில மட்டும் நான் இருக்க மாட்டேங்க. பலகையில கப்பல் மாதிரி செஞ்சு, உள்ள ரெண்டு கட்டிலைப் போட்டு வச்சிருக்கான். காத்து அடிச்சா நெசமாவே கப்பலாயிரும்.

— சிரிக்காதையும் பாமா. உமக்குக் கடல் பிடிக்கும் எண்டுதான் இந்தப் பார்க்கில கப்பல் அறையாப் பாத்து எடுத்தனான். சிட்னியிலயிருந்து ரெண்டு மணித்தியாலம் ரயில், அதுக்குப் பிறகு பஸ். கலியாணம் முடிஞ்சு ஒன்றரை வருசத்தால தேனிலவு. மே மாசத்தில புயல் வரும் எண்டு ஆர் கண்டது?

— நான் சிரிச்சேனா? பயத்துல பல்லு தெரியுது. ராட்டினத்துக் குதிரைக்கெல்லாம் சாக்கைப் போட்டுக் கட்டிட்டான், பாத்தீங்களா?

— பாத்தன். ஆறு மணிக்குப் பிறகு காத்து கூடும் எண்டு ரேடியோவில சொல்லுறாங்கள். இப்ப மூண்டரை. மனேஜர் ஒதுங்க ரெண்டு இடம் சொல்லியிருக்கிறார். ஒண்டு கீழ ஏரிக்கரையில இருக்கிற பேய் ரயில் குகை. மற்றது மேட்டில இருக்கிற சேர்ச் மண்டபம். நாலு மணிக்கு அடுத்த பஸ் வந்து ஏத்தும்.

— நேத்து நாம எலும்புக்கூடு பாத்தமே, அந்தக் குகையா? நீங்கதான் என்னைவிடப் பெருசா கத்துனீங்க.

— அதை விடுமன். கணக்குப் பாத்தா குகைதான் நல்லது. ஒரு அடித் தடிப்பில கொங்கிறீட். மண்டபத்துக்குத் தகரக் கூரை, மேட்டில வேற தனிய நிக்குது. காத்து நேர வந்து அறையும்.

— உங்க கணக்குல தண்ணி எங்க?

— எந்தத் தண்ணி?

— ஏரித் தண்ணிங்க. அந்தப் பக்கம் கடலு தள்ளுனா இந்த ஏரி எங்க போவும்? பாம்பன்ல காத்து கூரையைத்தான் கொண்டுபோச்சு. ஆளைக் கொண்டுபோனது தண்ணி. காத்துன்னா ஒளிஞ்சுக்கலாம். தண்ணின்னா ஏறத்தான் செய்யணும்.

— அட ஆண்டவனே. குகை வாசல் ஏரிக்கு மூண்டடிதான் மேல. இஞ்சினியர் எண்டு பேர்தான், நான் அதை யோசிக்கவே இல்லை.

— அப்ப மண்டபம்தான். கெளம்புங்க. அந்தக் கம்பளியை விடாதீங்க.

— பொறும். ஒரு சிக்கல் கிடக்கு. பெண்களும் குடும்பங்களும் மண்டபத்துக்கு. தனி ஆம்பிளையள் குகைக்கு. அங்க வாசலில மண்மூட்டை அடுக்க ஆக்கள் வேணுமாம். மனேஜரின்ர பட்டியலில நான் தனி ஆள்.

— நான் இருக்கறப்ப நீங்க எப்படித் தனி ஆளு?

— வந்த அண்டைக்கு ரிஜிஸ்தரில உம்மட பேரை என்னெண்டு எழுதினனீர்?

— சத்தியபாமா வரதராஜன்னு. எங்கப்பா பேரு. ஏழெட்டு வருஷம் டீச்சரா ஸ்கூல் வருகைப் பதிவேட்டுல அப்படியே எழுதிக் கை பழகிப்போச்சு.

— இந்த ஊரில அது புருசன்ர பேர் எழுதுற இடம், பாமா. என்ர பேருக்குக் கீழ வேற ஆரோ வரதராஜன் வீட்டுப் பிள்ளை எண்டு போட்டுட்டார். மிஸ் வரதராஜன்.

— மிஸ்ஸா? இருபத்தெட்டு வயசுக்கு இது ஒண்ணுதான் கொறச்சல். போய் சொல்லிட்டு வாங்க.

— சொன்னனான். சிரிக்கிறார். மத்தியானம் போன முதல் பஸ்ஸில ரெண்டு பெடியள் ஒரே பொம்பிளையைத் தன்ர தன்ர பெண்சாதி எண்டு சொல்லி ஏறப் பாத்தவங்களாம். இனி ஆம்பிளை சொல்லை நம்பமாட்டாராம். பாஸ்போட் சிட்னியில, ஹோம்புஷ் வீட்டு அலுமாரியில கிடக்கு. விரலில மோதிரமும் இல்லை.

— தாலியைக் காட்டட்டுமா?

— வடிவான சங்கிலி எண்டு சொல்லுவார். நீர் பஸ் வாசலில நிண்டு, உம்மட வாயால, புருசன்ர பேர் இது எண்டு சொல்லோணுமாம். அவர் பட்டியலில பாத்துக் கோடு போடுவாராம்.

— ஐயோ. அது முடியாது.

— விளங்குது. எங்கட பக்கமும் அப்பிடித்தான். அம்மா அப்பாவைக் கடைசி வரைக்கும் 'இஞ்சருங்கோ' எண்டுதான் கூப்பிட்டவ. ஆனா இது...

— எழுதிக் காட்டவா? வேண்டாம், வேண்டாம், எழுதவும் மாட்டேன். உங்களைக் கையைக் காட்டுறேன். தலையை ஆட்டுறேன். என்ன கேட்டாலும் ஆட்டுறேன்.

— அவரால என்ர பேரை வாசிச்சுக் கேக்க ஏலாது. மூண்டு நாளா என்னை 'மிஸ்டர் கே' எண்டுதான் கூப்பிடுறார்.

— அப்ப நானும் குகைக்கு வாறேன்.

— பாத்தீரோ, என்ர பாசை உம்மட வாயில வருது. ஆனா விசர்க்கதை கதையாதையும். தண்ணி வரும் எண்டு இப்பதானே நீரே சொன்னனீர். நீர் பஸ்ஸில போம். எனக்கு நீந்தத் தெரியும். நான் பருத்தித்துறைக்காரன்.

— அவருக்கும் நீந்தத் தெரியும்.

— ஆருக்கு?

— அவருக்குத்தான். மொதல்ல கட்டினவருக்கு.

— ...இரும். கதிரையில இரும். தண்ணி குடியும்.

— அறுபத்திநாலுல அவரு செத்தது உங்களுக்குத் தெரியும். எப்படின்னு நீங்க கேட்டதே இல்ல.

— நீர் சொல்லுற நேரம் சொல்லுவீர் எண்டு விட்டனான்.

— எல்லாரும் ஸ்கூல் மாடியில ஏறிட்டோம். அவரும் ஏறினவருதான். பக்கத்து வீட்டு ஆடு கட்டுல கெடந்து கத்துதுன்னு கீழ எறங்கிப் போனாரு. அவுத்து விட்டுட்டாரு. திரும்பி ஓடி வர்றாரு. பின்னால தண்ணி வர்றது மாடியிலேருந்து எனக்குத் தெரியுது, அவருக்குத் தெரியல. நான் பேரைச் சொல்லிக் கத்திட்டேன். கல்யாணமாகி ஏழு மாசம். அதுதான் முதல் தடவை.

— பாமா...

— அவரு நின்னுட்டாருங்க. பொண்டாட்டி பேர் சொல்லிக் கூப்பிடுறாளேன்னு ஆச்சரியமா மேல பாத்தாரு. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. நிக்காம ஓடி வந்திருந்தா படியைப் புடிச்சிருப்பாரு.

— பத்து வருசமா இதைத் தனியவோ வச்சிருந்தனீர்?

— யாருகிட்ட சொல்றது? பேரைச் சொல்லித்தான் கொன்னேன்னு மாமியார்கிட்டயா சொல்றது? இன்னைக்கு அதே மாதிரி காத்து. அதே மாதிரி ஒரு மனுஷன். இப்பப் போய் பேரைச் சொல்லுங்கிறீங்க.

— நான் சொல்லச் சொல்லேல்லை. இனிச் சொல்லவும் மாட்டன். அழுங்கோ, அழுது முடியுங்கோ. இஞ்ச, என்ர லேஞ்சி, கண்ணைத் துடையுங்கோ.

— என்ன திடீர்னு மரியாதை?

— தெரியேல்லை. வந்திட்டுது.

— பஸ் ஹாரன் கேக்குதுங்க.

— ஓம். ...இஞ்ச பாரும், ஒரு யோசனை. கதிர்காமநாதன் எண்டது என்ர சொந்தப் பேரே இல்லை.

— என்னது?

— பள்ளிக்கூடத்தில சேக்கேக்க வாத்தியார் எழுதிவிட்ட பேர். வீட்டில எனக்குப் பேர் ராசன். அதுதான் என்ர உண்மையான பேர். மற்றது பாஸ்போட்டுக்கும் சம்பளத்துக்கும் மட்டும்தான். அதைச் சொன்னா என்னில ஒட்டாது.

— ராசனா?

— ராசன்.

— உங்கம்மா அப்படித்தான் கூப்பிடுவாங்களா?

— ஓ... ஓம். 'ராசன், சாப்பிட வா' எண்டு. தெருமுனை வரைக்கும் கேக்கும்.

— என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க.

— மழைத் தண்ணி கண்ணாடியில. ராசன்தான்.

— ...சரி. பெட்டியை எடுங்க. கம்பளியை நான் எடுத்துக்கிறேன். என் கையை மட்டும் விட்டுடாதீங்க.

— விடமாட்டன். வழுக்கும், பாத்து. இந்தா, நிக்கிறார் மனேஜர். பயப்பிடாதையும். நான் பக்கத்திலதான் நிக்கிறன்.

— சார். திஸ் இஸ் மை ஹஸ்பண்ட்.

— நேம், லவ்?

— இந்தக் கம்பளியைக் கொஞ்சம் புடிங்க.

— ஐ நீட் த நேம், லவ். பஸ்ஸ் கோயிங்.

— கதிர்காமநாதன்.

— ஸ்லோலி, லவ். ஒன் மோர் டைம்.

— கதிர். காம. நாதன்.

— கே, ஏ, டி... ஈஸ் ஹி ரியலி யோர்ஸ்?

— யெஸ். மைன். கதிர்காமநாதன்.

— குட் ஆன் யூ. இன் யூ கோ, போத் ஆஃப் யூ.

— ஏறும் பாமா, ஏறும். ஜன்னல் பக்கம் இரும். அப்பாடா.

— ஒரு நிமிஷம். குகையில மத்த ஆம்பளைங்க இருக்காங்களே?

— நீர் ஏறி இருக்கிறதுக்குள்ள தண்ணிக் கதையை மனேஜருக்குச் சொல்லிப்போட்டன். ஏரியைத் திரும்பிப் பாத்தார், முகம் மாறிட்டுது. பஸ் எங்களை இறக்கிப்போட்டு வந்து அவையளையும் ஏத்தும். மண்மூட்டை வேண்டாமாம்.

— நல்லதுங்க. நல்லது.

— மண்டபத்தில தேத்தண்ணி குடுப்பினம் எண்டு சொன்னவை. சீனி ரெண்டு கரண்டி போட்டுக் குடியும். நாளைக்குக் காத்து நிண்டாப் பிறகு ஹோம்புஷுக்குப் போயிடுவம். இனி எந்தப் பார்க்கும் வேண்டாம்.

— ஏன்? ராட்டினத்துல நான் இன்னும் ஏறலையே.

— ...பாமா. ஒரு பொய் சொல்லிப்போட்டன். மேட்டுக்குப் போய்ச் சேர முதல் சொல்லாட்டி எனக்கு மூச்சு முட்டும். ராசன் எண்டு எனக்கொரு பேர் இல்லை. உம்மைப் பஸ்ஸில ஏத்துறதுக்காக அந்த நிமிசம் வாயில வந்தது. கோவமோ?

— எனக்குக் கோவம் வந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்கு இன்னும் தெரியாது.

— எனக்கு ஒண்டும் நடக்காது, பாமா. பாரும், இருக்கிறன். இஞ்சயே இருக்கிறன். பேர் ஒருத்தரையும் கொல்லாது. அண்டைக்கும் கொல்லேல்லை.

— கல்யாணம் பேசறப்ப உங்கம்மா எனக்கு ஒரு லெட்டர் போட்டாங்க. நாலு பக்கம். உங்களுக்குக் கத்தரிக்காய் புடிக்கும், எலி புடிக்காது, எல்லாம் இருக்கு அதுல. கதிர்காமத்துல நேந்துக்கிட்டு பதினோரு வருஷம் கழிச்சுப் பொறந்த புள்ளையாம். சாமி பேருங்கிறதால வீட்லயும் அதேதானாம். சுருக்கிக் கூப்பிட ஒருத்தரையும் விட்டதில்லையாம், செல்லப்பேருன்னு ஒண்ணு கெடையவே கெடையாதாம்.

— அப்ப... அந்தப் பஸ் வாசலில...

— தெரிஞ்சுதாங்க மூணு தடவை சொன்னேன்.