களத்தில் ஐந்து குதிரை

சாயாவில் சீனி வேண்டாம், சாரே. எனக்கு சுகர் உண்டு. ஊரான் குதிரைக்கெல்லாம் ரத்தம் எடுக்கிற டாக்டர் தன் ரத்தத்தைப் பார்க்கமாட்டார் என்று என் பெண்டாட்டி சத்தியபாய் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். சிரிக்கிற மாதிரிதான் என் பிழைப்பும்.

விசாரணைக்குக் கொண்டுவந்த குதிரைச் சான்றிதழில் இருப்பது என் கையெழுத்தா என்றுதானே கேட்டீங்க. ஆமா, என்னுடையதுதான். ஜெபசீலன், அரசாங்க மாட்டு டாக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். கருங்கல் சந்தையில் கோழிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவனுக்கு, வேலை முடிந்த கையோடு குதிரைக் கிறுக்கு பிடித்தது. இனவிருத்திக்கென்று ஒரு பொலிகுதிரை வாங்கி, தாவீது என்று பெயர் வைத்தேன்.

கன்னியாகுமரி பக்கம் வருஷா வருஷம் நடக்கிற முனைக்கோப்பைதான் எங்கள் குதிரைக்காரர்களுக்கு உச்சம். தாவீதின் குட்டிகள் அதை நாலு வருஷம் தொடர்ந்து அடித்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணின, பைபிளில் வருகிற தாவீது ராஜாவின் வம்ச அட்டவணை இருக்கவே இருக்கிறது. குட்டிகளுக்கு சாலொமோன், ரெகொபெயாம், அபியா, ஆசா என்று வரிசையாகப் பெயரிட்டேன். மைக்கில் குதிரைப் பெயர் வாசித்தால் ஆராதனை என்று நினைத்து நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

மற்ற பண்ணைக்காரர்களும் பெட்டைக் குதிரைகளைத் தாவீதிடமே கொண்டுவந்தார்கள். அவர்களுடைய ஆண்குதிரைகள் வேலையில்லாமல் நின்று முரண்டு பண்ணின. நான் இரக்கப்பட்டு ஒரு இலவச முகாம் வைத்தேன். இரண்டே நாளில் பதினொன்றுக்குக் காயடித்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். அதற்கப்புறம் வம்சம் வளர்க்கத் தாவீதை விட்டால் வேறு ஆள் இல்லை. முகாமின் நோக்கம் அதுவல்ல என்று எனக்கு நானே சொல்லி, நம்பியும் விட்டேன்.

இரண்டு வருஷம் முன்னால் குட்டிகளின் நெஞ்சில் குழல் வைத்தபோது, துடிப்புக்கு நடுவில் கசிகிற மாதிரி ஒரு சத்தம். தாவீதின் நெஞ்சில் வைத்தேன், அதே சத்தம். அப்பன் கொடுத்த கோளாறு. அவன் லாயத்தில் நின்று தின்கிறவன், தாங்கிக்கொண்டான். ஓடுகிற பிள்ளைகள் பயிற்சியிலேயே ஒவ்வொன்றாய் விழுந்தன. வெக்கை தாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் எழுதினால் யார் கேட்பார்? பதினாலு குதிரை ஓடின பந்தயத்துக்கு போன வருஷம் ஆறு வந்தது, இந்த வருஷம் நாலு.

ஐந்துக்குக் குறைந்தால் கோப்பை கிடையாது. அது கமிட்டி விதி. கோப்பை இல்லையென்றால் குதிரைகளெல்லாம் எங்கே என்று கேட்பார்கள். வெளியூர் டாக்டர் ஒருத்தன் வந்து குழல் வைப்பான். தாவீதின் பேர் போகும், கூடவே என் பேரும். அதனால் ஐந்தாவதாக ஆசாவை இறக்கினேன். ஓடத் தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டேன். ஆசாவின் நெஞ்சுச் சத்தம் குழல் இல்லாமலே கேட்கும்.

ஓட்டினது மரியஜான். கடற்கரைக்காரன், ஆறு வருஷமாக என் குதிரைகளில் ஏறுகிறவன்.

"அண்ணே, நடக்கதுக்கே இவனுக்கு இளைக்குது. ஓடுவானா?" என்று கேட்டான்.

"ஓடுவான் மக்கா. டாக்டர் நானா, நீயா?"

"நீங்க சொன்னா பின்னே என்ன அண்ணே" என்று சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான்.

கடைசி வளைவில் ஆசா மடங்கினான். மரியஜான் அடியில் சிக்கிக்கொண்டான். களத்துக்கு டாக்டர் நான் ஒருத்தன்தான்; டாக்டர் கை காட்டாமல் யாரும் வேலி தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் பையோடு ஓடிப்போய் அவன் பக்கத்தில் குனிந்தேன். கண் திறந்திருந்தது. "அண்ணே" என்றான். "பொறு மக்கா, இப்ப வாறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கை காட்டவில்லை. உதவிக்குப் போகிறேன் என்று நினைத்து வேலிக்காரர்கள் எனக்கு வழிவிட்டார்கள்.

நான் கமிட்டி மேசைக்குப் போனேன். விழுந்த குதிரை எண்ணிக்கையில் சேருமா என்று கேட்டேன். அவர்கள் விதிப் புத்தகத்தைத் தேடினார்கள், நான் காத்திருந்தேன். கிளம்பினதுதான் கணக்கு டாக்டர், ஐந்து ஓடியாச்சு என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. திரும்பிப் போனபோது மரியஜான் இன்னும் "அண்ணே" என்றுதான் முனகிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கை காட்டினேன். ஆட்கள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் அவன் பெண்டாட்டி கிளாரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே அண்ணே கூட இருந்தது. கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாவளா?"

"இல்லை பிள்ளே. விழுந்த உடனே போயிட்டான்" என்றேன். அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நடந்ததைச் சொல்லி அந்தப் பெண்ணை நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை. மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்க. இரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுதிடாதீங்க, சாரே.