அவன் சொன்ன முதல் இரண்டு வரி

தட்டச்சில் நான் பிழை விடுகிறவன் இல்லை. இருபத்தோரு வருடத்தில் ஒரு தாளைக்கூட எங்கள் நீதிபதி திருப்பி அனுப்பியதில்லை. நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் தாளிலும் எழுத்துப்பிழை இருக்காது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குற்றம் உறுதியான பிறகு, தண்டனையைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று குற்றவாளியைக் கேட்க வேண்டும். மற்ற நீதிபதிகள் நேரே கேட்பார்கள். இவர் கேட்க மாட்டார். அழுகிற முகத்தைப் பார்த்தால் கை தளர்ந்துவிடும், அழத் தெரியாதவனுக்கு அநியாயமாகிவிடும் என்பார். அதனால் பக்கத்து அறையில் நான் கேட்டுக் குறிப்பெடுத்து, தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும். அவர் தாளை மட்டும் படிப்பார். வருத்தம் தெரிந்தால் குறைந்தபட்சத்தோடு விடுவார். தெரியாவிட்டால் சட்டம் எதுவரை விடுகிறதோ அதுவரை போவார். நியாயமான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லிஃப்ட் மெக்கானிக் வழக்கு அவரிடம்தான் வந்தது. கதவு பூட்டிக்கொள்ளாமலே லிஃப்ட் ஓடும்படி ஒரு வயரை மாற்றிக் கொடுத்திருந்தான். நான்காவது மாடியில் கதவைத் திறந்து காலெடுத்து வைத்த ஒரு பெரியவர், லிஃப்ட் அங்கே இல்லாததால் கீழே விழுந்து இறந்துபோனார். ஓராண்டிலிருந்து ஏழாண்டு வரை கொடுக்கலாம்.

அந்த மெக்கானிக்கும் நானும் ஒன்பது வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். இதை நான் நீதிபதியிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மஞ்சள் காமாலையில் அவன் படுத்துக் கிடந்தபோது நாற்பது நாள் உப்பில்லாமல் சமைத்துப் போட்டவன் நான். கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டான். ஒருநாள் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியோடு போனான். மூன்றாவது வாரம் வீட்டுக்காரர் சொல்லித்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது எனக்குத் தெரியும்.

விலாசம் விசாரித்துப் போனேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. யாரென்று கேட்ட மனைவியிடம், "தெரிஞ்சவரு, முன்னாடி பக்கத்துல இருந்தாரு" என்றான். ஒன்பது வருடம் வாடா போடா என்றவனுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. துரோகம் என்றால் எல்லோரும் என்னவோ பெரிதாக நினைக்கிறார்கள். இவ்வளவுதான் அது. அன்று எரிந்த வயிறு இன்னும் ஆறவில்லை.

அதற்கு ஏழு வருடம் கழித்து அவனைப் பக்கத்து அறைக்குக் கூட்டி வந்தார்கள். உருக்கமாகச் சொல்லு என்று சொல்லிவிட்டு அவனுடைய வக்கீல் இன்னொரு வழக்குக்கு ஓடிவிட்டார். காவலர் வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் உயிர் வந்தது.

"நல்லவேளை, நீ இருக்கே" என்றான்.

உட்காரச் சொல்லி, என்ன சொல்ல விரும்புகிறாய் என்று கேட்டேன்.

"நடந்தது நடந்துபோச்சு. இனி நான் என்னத்தைச் சொல்ல?"

பிறகு அரை மணி நேரம் பேசினான். பராமரிப்பு மேனேஜர்தான் எப்படியாவது ஓட்டு என்றாராம். இவன் எழுதி வாங்காமல் செய்து கொடுத்துவிட்டானாம். பெரியவரின் மகள் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தானாம், அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டாளாம். லிஃப்ட் கதவைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிறது, இனி அந்த வேலையைத் தொடமாட்டேன் என்றான். எட்டு மாதக் குழந்தை இருக்கிறது என்றான். விக்கி விக்கி அழுதான். நான் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வார்த்தைகூடக் குறுக்கிடவில்லை.

அவன் சொன்னதில் முதல் இரண்டு வரியை மட்டும் தட்டச்சு செய்தேன். நடந்தது நடந்துவிட்டது. இனி நான் சொல்ல என்ன இருக்கிறது. என் வார்த்தையாக ஒன்றையும் சேர்க்கவில்லை. வழக்கு விவரங்கள் எல்லாம் சேர்ந்து தாள் நிறைந்துதான் இருந்தது. படித்துப் பார் என்று முறைப்படி நீட்டினேன்.

"நீ அடிச்சதை நான் வேற படிக்கணுமாடா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

நீதிபதி இரண்டு முறை படித்தார். குற்றவாளியிடம் வருத்தத்தின் சாயல்கூட இல்லை என்று சொல்லி ஏழாண்டு கொடுத்தார். அவன் கூட்டத்தில் யார் யாரையோ தேடிவிட்டு, கடைசியில் என்னைத்தான் பார்த்தான்.

வாசலில் நின்ற காவலர் இப்போது வாய் திறந்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆமாம், தெரிந்துதான் செய்தேன்.

அவன் மனைவி முதல் வருடம் சிறைக்கு வந்துகொண்டிருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. நான்தான் மாதம் இரண்டு முறை தவறாமல் போகிறேன், துணி, மாத்திரை எல்லாம் கொண்டுபோகிறேன். போன வாரம் கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து, "நான் அன்னைக்குச் சரியாப் பேசலையோடா?" என்று கேட்டான். நல்லாத்தான் பேசினே என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

இதையெல்லாம் அவன் காதுவரை கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை. என்னை விட்டால் அவனுக்கு யாரும் இல்லை.