இரவல் போகாத கம்ப்யூட்டர்

பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் கம்ப்யூட்டர் திரை இருந்த பெட்டி, காலடியில் இன்னொரு பெரிய பெட்டி.

“கடைக்காரர் லெப்டொப்தான் காட்டினாரு. லேசுல தூக்க முடியாததா குடுங்கன்னு கேட்டேன்க்கா.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“என்ன புள்ள, எல்லாரும் கனமில்லாததத்தானே கேப்பாங்க?” என்று மூத்தவர் சிரித்தார்.

“நம்ம தோட்டத்து லயத்துல, ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுங்கள்ல, இரவல் கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா? லெப்டொப்ன்னா கல்யாண வீடு, திருவிழான்னு சுத்திக்கிட்டே இருக்கும். மகளுக்குப் பரீட்சை வருதே. நம்ம கையில இருந்த காசுக்கு இது முன்ன ஒருத்தர் பாவிச்ச பழசுதான், ஆனா பெரிய திரை. பழுதானாலும் கெட்டத மட்டும் மாத்திக்கலாம்.”

“மத்த புள்ளைங்க வந்து கேட்டா?”

“ஒங்க வீட்டு ஆட்டுக்கல்ல யாராச்சும் இரவல் கேட்டோமா? வந்து அரைச்சிட்டுத்தானே போறோம். அதே மாதிரி வந்து படிச்சிட்டுப் போகட்டும்.”

மூத்தவர் அந்தத் திரைப் பெட்டியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார்.

“படிக்க வர்ற புள்ளைங்க ஒக்கார எங்க வீட்டு பெஞ்ச நாளைக்கே வந்து எடுத்துக்க புள்ள. திருப்பித் தர வேணாம்.”