பாடம் எடுப்பவருக்கு யார் உபயம்?

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர், பாடத்திட்டக் குழுவை நடத்தும் பாலகோபால் அவர்களே! பட்டறையைப் பூட்டிவிட்டுப் பறந்து வந்த பெரியோர்களே! மைக்கைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பெரியநாயக்கன்பாளையத்துப் பம்பு கம்பெனி சுரேந்தரின் வணக்கம். எனக்கு மோட்டார் செய்யத் தெரியும், மேடையேறத் தெரியாது. ஏத்தி உட்டுட்டாங்க, அனுபவியுங்கள்!

கொங்கு நாட்டின் கடந்த ஐம்பதாண்டுப் பண்பாட்டு வரலாற்றைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக்கப் போன வருடம் இதே மண்டபத்தில் நிதி கேட்டார்கள். இல்லை என்று சொல்ல நமக்கு நாக்கு வருமா? கொடுத்தோம்! பதினேழு மின்விசிறி கொடுத்தோம்! பதினொரு பீரோ கொடுத்தோம்! ஒவ்வொன்றிலும் உபயம் எழுதி, ஊர் எழுதி, செல்போன் நம்பரும் எழுதிக் கொடுத்தோம்! பாடம் நடத்துபவருக்குச் சம்பளம் கொடுத்தோமா? சம்பளத்தின்மேல் பெயின்ட்டில் பெயர் எழுத முடியாதே!

சிரிக்காதீங்க. நுழைவாயில் வளைவுக்கு எட்டு லட்சம் தருவதாகச் சொன்ன புத்திசாலி நான்தானுங்க.

பாடம் நடத்தும் பிரீத்திகா இதோ முன்வரிசையில் இருக்கிறார். ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை. சென்னையில் ஒரு கல்லூரி அழைக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் போனால் பாடமும் போகும். போனால் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

என் மகள் நந்திதா அந்த வகுப்பில் படிக்கிறாள். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்: "ஏனுங்கப்பா, நம்ம கம்பெனி ஆயுத பூஜை நாடகமெல்லாம் ஆரு எழுதுனதுங்க?"

"உங்க தாத்தா, கண்ணு. ஆண்டுமலர்லயே போட்டிருக்குது."

"இல்லீங்கப்பா. நம்ம கம்பெனி மோல்டிங் செக்ஷன்ல வேலை பாத்த அப்துல் நாசருங்க. துடியலூர்ல இருக்காருங்க. கைப்பட எழுதுன நோட்டு பன்னெண்டு இருக்குதுங்க, பாத்துட்டுத்தான் வாரேன்."

விசிறிக்கெல்லாம் பெயர் எழுதிய வீட்டில், வசனம் எழுதியவர் பெயரை விட்டுவிட்டோம்! மறுநாளே போய் அவர் கையைப் பிடித்தேன். "அதுக்கென்னங்க முதலாளி, நாடகம் நல்லா நடந்துச்சில்லீங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

அந்தக் கேள்வியை என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? இந்தப் பிரீத்திகா! உங்கள் வீட்டிலும் அப்படியொரு கேள்வி காத்திருக்காதா? கேட்கச் சொல்லித்தர ஆள் இல்லையென்றால் யார் கேட்பது?

ஆகவே அன்பர்களே, வளைவு வேண்டாம்! எட்டு லட்சமும் ஆசிரியர் சம்பளத்துக்கு!

என்னங்க அண்ணா, பின்னாலிருந்து? பேரு போடுவாங்களான்னா? போட மாட்டாங்க! உங்க பேரும் வராது, எம்பேரும் வராது! அதுக்கு எதுக்குங்க எந்திரிக்கறீங்க, உக்காருங்க!

அதோ, தாய்மார் பக்கம் ஒருவர் எழுகிறார். சொல்லுங்கம்மா.

"சூலூரு வள்ளியாத்தாளுங்க. நாலு தறி ஓடுதுங்க. ஒரு மாசச் சம்பளம் நான் குடுத்தர்றனுங்க. அந்தப் புள்ளைய வெளியூருக்கு உட்டுப்போடாதீங்க!"

கேட்டீர்களா கோவையின் கோமான்களே! நாலு தறிக்காரர் எழுந்துவிட்டார், நானூறு தறிக்காரர் நழுவிப்போகச் செருப்பைத் தேடுகிறார்!

பிரீத்திகா அம்மணி, சென்னைக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லிப்போடுங்க. திங்கட்கிழமை வகுப்புக்கு நாசர் ஐயாவை என் காரில் கூட்டி வருகிறேன். அவர் பேசட்டும், முதலாளி மகன் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.

காது கொடுத்தவர்களுக்கு நன்றி! சம்பளத்துக்குத் தருகிறேன் என்று கை தூக்கப் போகிறவர்களுக்கு வணக்கம்!